கடலுக்குள் அடித்த பந்து

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர் உதைபந்தாட்ட இறுதிப்போட்டிக்கு என்னைச் சிறப்பு விருந்தினராகக் கூப்பிட்டார்கள். மாலை போட்டு முன்வரிசைக் கதிரையில் இருத்தினார்கள். ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்யும் சுதன் குனிந்து கேட்டான்.

“அண்ணை, வெளிநாட்டிலை மொத்தம் எத்தினை கோல் போட்டனியள்?”

“ஒண்டும் போடேல்லை.”

“ஒண்டுமே இல்லையோ?”

“நான் பெக்கடா, பின்னுக்கு நிண்டு மறிக்கிறவன். கோல் விழாமல் பாக்கத்தான் எனக்குச் சம்பளம் தந்தவங்கள்.”

“அப்ப மைக்கிலை என்னத்தையண்ணை சொல்லுறது?”

மாலையைக் கழற்றி அவன் கழுத்திலேயே போட்டுவிடலாம் போல இருந்தது. விமான நிலையத்திலும் கலியாண வீட்டிலும் எனக்குக் கிடைத்தது இதே கேள்விதான். மறித்தவனை யாரும் எண்ணுவதில்லை.

அந்த நேரம் பார்த்து, கரையில் ஒதுங்கிக் காயும் கடற்பாசியின் நாற்றம் காற்றோடு வந்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். எனக்கு அது மைதானத்தின் வாசம்.

எங்கள் காலத்தில் அந்த மைதானத்தின் வடக்குப் பக்கம் வேலி கிடையாது, கடல்தான் எல்லை. இருந்ததும் ஒரே பந்து. அதனால் ஊருக்கென்று ஒரு சட்டம் வைத்திருந்தோம். கடலுக்குள் அடித்தவனே நீந்திப் போய்ப் பந்தை எடுத்து வரவேண்டும். அவன் வரும்வரை ஆட்டம் நிற்கும். எதிரணி நெருக்கினால் பின்னுக்கு நிற்கிற நாங்கள் எல்லோரும் “கடலுக்கு அடி!” என்று கத்துவோம். ஒருவன் நீந்துவான், மற்றவர்கள் மூச்சு வாங்குவார்கள். இதைப் பேடித்தனம் என்று சொன்ன பக்கத்து ஊர்க்காரர்களும் அதையேதான் செய்தார்கள்.

சண்டை ஓய்ந்து ஊரைவிட்டு வெளியே போகப் பாதை திறந்த பிறகு, அந்த மைதானத்தில் எங்களோடு விளையாடிய குருநகர் யூட் அண்ணை என்னை மாலைதீவுக்குக் கூப்பிட்டார். அங்கே ஒரு சிறிய தீவின் அணிக்கு அவர் கோல் காப்பாளர். ஒரு போட்டியில் இறக்கிப் பார்ப்பார்கள். பிடித்தால் ஒப்பந்தம், இல்லையென்றால் அடுத்த விமானம். “என்ரை மானத்தை வாங்கிப்போடாதை. உன்னை நம்பித்தான் அவங்களிட்டைச் சொல்லி வைச்சனான்” என்றார் அவர்.

அந்தப் போட்டியில் நாங்கள் ஒரு கோல் முன்னிலையில் இருந்தோம். ஆட்டம் முடிகிற நேரம். எதிரணி எங்கள் பக்கத்திலேயே கூடாரம் அடித்திருந்தது. எனக்குக் கால் இழுத்தது. பக்கத்தில் பார்த்தேன், நீலமாகக் கடல். யோசிக்கவே இல்லை. விட்டேன் ஒரு அடி! பந்து அலைக்கு அப்பால் போய் விழுந்தது. உடனே சப்பாத்தைக் கழற்றி எறிந்துவிட்டு நானும் பாய்ந்தேன்.

இடுப்பளவு தண்ணீரில் நிற்கும்போதுதான் யூட் அண்ணையின் குரல் கேட்டது.

“டேய் விசரா! எங்கையடா போறாய்? இஞ்சை வேறை பந்து இருக்கடா!”

திரும்பினேன். ஆட்டம் தொடங்கிவிட்டது. நான் நிற்கவேண்டிய இடத்தால் ஒருவன் பந்தோடு தனியாக ஓடிக்கொண்டிருந்தான். சனம் முழுக்கச் சிரித்தது. நான் வெறுங்காலோடு, தண்ணீர் சொட்டச் சொட்ட ஓடி, யூட் அண்ணைக்கு முன்னால் சறுக்கி விழுந்து பந்தைத் தட்டிவிட்டேன்.

அனுமதியில்லாமல் உள்ளே வந்ததற்கு நடுவர் மஞ்சள் அட்டை காட்டினார். எதிரணிக்கு ஃப்ரீ கிக். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார். ஈரக்காலில் அது ஏறினால்தானே! ஒருமாதிரி இழுத்து மாட்டிக்கொண்டு போய், கோலை மறித்து எங்கள் ஆட்கள் கட்டிய சுவரில் நின்றேன். அடித்த பந்து என் மூக்கில் பட்டு வெளியே போனது. ரத்தம் வந்தது. கோல் வரவில்லை. ஆட்டம் முடிந்ததென்று விசில் ஊதினார்கள்.

பயிற்றுநர் என்னை மேலும் கீழும் பார்த்து ஏதோ சொன்னார். யூட் அண்ணை பல்லைக் காட்டினார்.

“உனக்கு விசர் எண்டுறார். ஆனா வைச்சிருக்கப் போறாராம்.”

அதன் பிறகு பங்களாதேஷ், ஓமான். எல்லாம் புள்ளிப் பட்டியலின் அடியில் கிடந்த அணிகள். என் படம் எந்தச் சுவரிலும் ஒட்டப்படவில்லை. ஆனால் எனக்கு நேரே நின்ற எதிரணியின் முன்வரிசை ஆட்டக்காரர்கள் இடைவேளைக்குப் பிறகு மற்றப் பக்கத்துக்கு மாறிப் போவார்கள். இதைவிட எனக்கு என்ன மரியாதை வேண்டும்? பெருமையாகத்தான் சொல்கிறேன். பிடிக்காதவர்கள் என்னைத் தாண்டிப் போய்க் காட்டியிருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கடைசி நேரம். ஒரு சின்னப் பெக்கை இரண்டு பேர் மூலையில் நெருக்கினார்கள். நான் மாலையோடு எழும்பிக் கத்தினேன்.

“கடலுக்கு அடியடா!”

பெடியன் அடித்தான். அங்கே இப்போது கல்லணை இருக்கிறது. அதன்மேல் உயரமான வலை. பந்து வலையில் பட்டுத் திரும்பி வந்தது. எதிரணி உடனே அதை எடுத்து உள்ளே எறிந்தது. மூச்சு வாங்க அவனுக்கு யாரும் நேரம் கொடுக்கவில்லை. அவன் அப்படியே திரும்பி ஓடி, சறுக்கி, கோல் வாசலில் பந்தை மறித்தான்.

சுதனின் மைக் மௌனமாக இருந்தது. கோல் இல்லையே, எதற்கு வாய் திறப்பான்?

“மறிச்சவன்ரை பேர் என்னடா?”

“உவனோ? நிரோசன்.”

“எனக்கேன் சொல்லுறாய்? மைக்கிலை சொல்லு!”

சொன்னான். இரண்டு தரம் சொல்ல வைத்தேன். யூட் அண்ணையின் பெயரையும் என் பெயரையும் அந்த மைதானத்தில் இப்படி யாரும் சொன்னதில்லை. அவரைப் போன வருடம் அடக்கம் செய்துவிட்டோம். நிரோசனின் பெயர் வலையைத் தாண்டி, பந்தே விழாத அந்தக் கடலுக்கு மேலால் போனது.