இரண்டாவது சொட்டு

“நில்லு, அவ போகட்டும். அப்புறம் நீ போ.” அக்கா கணினித் திரையோடு பேசிக்கொண்டிருக்கிறார். கட்டம் போட்ட பலகையில் சிவப்புப் புள்ளி ஒதுங்கி நிற்க, நீலப் புள்ளி அதைத் தாண்டிப் போகிறது. “ம், அப்படித்தான்” என்று தலையாட்டுகிறார். பக்கத்து மேசைக்காரனான எனக்கு இது பழகிவிட்டது. புதிதாகச் சேர்ந்தவர்கள்தான், அங்கே யார் இருக்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பார்கள்.

புள்ளிகள் எல்லாம் ரத்தச் சொட்டுகள். தபால்தலை அளவில் ஒரு கண்ணாடி சிப், அதில் பொடிப்பொடியாய் உலோகக் கட்டங்கள். எந்தக் கட்டத்துக்கு மின்சாரம் கொடுக்கிறோமோ, அங்கே சொட்டு நகர்ந்து வரும். பச்சைக் குழந்தையின் குதிகாலில் ஒரே ஒரு முறை குத்தி எடுத்த ரத்தத்தைப் பல சொட்டாகப் பிரித்து, எது எப்போது எந்த வழியாகப் போய் எந்தச் சோதனை மருந்தோடு கலக்க வேண்டும் என்று தானாகவே திட்டம் போடும் மென்பொருள் அக்கா எழுதியது. அதற்கு முன் பல வருடம் சாதாரண சிப்புகளில் கம்பிகளுக்கு வழி கண்டுபிடிக்கும் மென்பொருள் எழுதியவர். “அப்ப கம்பி மேல கம்பி படாம பாத்தேன், இப்ப சொட்டு மேல சொட்டு படாம பாக்கறேன். அதே வேலைதான். கொஞ்சம் ஈரம் ஜாஸ்தி.”

யாருடைய நிரலில் பிழை கண்டாலும் வாயைத் திறக்க மாட்டார். அவர்கள் மேசையில் ஒரு புதினா மிட்டாயை வைத்துவிட்டுப் போவார். மிட்டாயைப் பார்த்து முகம் வெளுக்கிறவர்கள் எங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறார்கள்.

போன மாதம் சிப்புகள் தயாராகி வந்தன. பரிசோதனைக்கூடத்துக்காரர் ஓட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். சர்க்கரையை முதலில் பார்த்தால் ஒரு விடை, கடைசியில் பார்த்தால் வேறு விடை. மேலாளர் மருந்தைச் சந்தேகப்பட்டார். அக்கா பதிவுகளைப் பார்த்தார். ஒரு மிட்டாயை எடுத்துத் தன் மேசையிலேயே வைத்துக்கொண்டார்.

“மருந்து மேல பழி போடாதீங்க. ஒரு சொட்டு போன வழியில கொஞ்சம் ஒட்டிக்கிட்டு நிக்குது. அடுத்ததையும் நான் அதே வழியில அனுப்பிட்டேன். என் தப்புதான்.”

நடுவில் ஒரு சொட்டுத் தண்ணீரை அனுப்பித் தடத்தைக் கழுவிவிட்டால் தீர்ந்தது. ஆனால் செலவைக் குறைக்க, பல கட்டங்களை ஒரே கம்பியில் இணைத்திருந்தோம். இங்கே தண்ணீரை நகர்த்தினால் வேறெங்கோ ரத்தமும் நகரும். மென்பொருள் பிற்பகல் முழுக்கத் தேடிவிட்டு, வழி இல்லை என்று கைவிரித்தது. அப்படியானால் சிப்புகள் அத்தனையும் குப்பை. குழந்தைகள் வார்டில் நடக்கவிருந்த சோதனையும் எப்போது நடக்குமோ தெரியாது. அந்த வார்டில் அக்காவின் மருமகள்தான் நர்ஸ்.

அக்கா மருமகளுக்குப் போன் போட்டார். முடிவு வரக் கொஞ்சம் தாமதமானால் பரவாயில்லையா என்று கேட்டார். எதிர்முனைக் குரல் எனக்கே கேட்டது.

“இப்ப ஒவ்வொரு டெஸ்டுக்கும் தனித்தனியா குத்தறோம் அத்தை. ஒரு தடவை போதும்னா எவ்வளவு நேரம் வேணாலும் காத்திருக்கோம்.”

சீக்கிரம் முடிக்க வேண்டும் என்று தானே மென்பொருளுக்குப் போட்டிருந்த நேரக்கட்டுப்பாட்டை அக்கா தளர்த்தினார். “ரெண்டாவதுக்கு என்ன அவசரம்? தண்ணி கழுவிட்டு வெளிய போற வரைக்கும் வாசல்லயே நிக்கட்டும்.” நான் போய் டீ வாங்கி வருவதற்குள் வழி கிடைத்திருந்தது.

மறுநாள் பரிசோதனைக்கூடத்துக்காரர் வரிசையை மாற்றி மாற்றி ஓட்டினார். அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். எந்த வரிசையில் பார்த்தாலும் ஒரே விடை. மேலாளர் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொருவர் கையாகப் பிடித்துக் குலுக்க ஆரம்பித்தார்.

அக்கா சன்னல் பக்கம் நகர்ந்தார். கொண்டை ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி உதட்டில் கவ்விக்கொண்டு, கண்ணை மூடி, தலையை ஓர் உதறு உதறிக் கூந்தலை முதுகில் சரியவிட்டார்.