எப்படியாவது வந்துரு

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். நடந்தது நடந்ததுதான். அதுவும் ராத்திரியில் இல்லை, பட்டப்பகலில்.

2021 மே மாதம். ராஜபாளையத்தில் ஒரு ஆஸ்பத்திரியின் கொரோனா வார்டு. என் பெயரையும் ஆஸ்பத்திரி பெயரையும் சொல்ல மாட்டேன், வேலை போய்விடும். முப்பத்தெட்டு நோயாளிகள், எல்லாருக்கும் ஆக்சிஜன். மதிய ஷிப்டுக்கு நர்ஸ் இரண்டே பேர், நானும் ஈஸ்வரியும். முந்தின வருஷம் எங்களுக்குக் கை தட்டினார்கள். மூன்றாவதாக ஓர் ஆள் கேட்டால் மட்டும் ஒருவருக்கும் காது கேட்காது.

அன்று காலை 11.20-க்கு மகாராஜபுரத்திலிருந்து ஈஸ்வரி போன் பண்ணினாள். இரண்டு நாளாகக் காய்ச்சலாம், லீவு வேண்டுமாம். மூச்சு வாங்கிக்கொண்டே பேசினாள். நர்ஸுக்கு அந்த மூச்சு புரியாதா? புரிந்தது. ஆனால் என் கண் முன்னால் நின்றது முப்பத்தெட்டுக் கட்டில்.

“ஒத்தையில என்னால முடியாதுட்டி. எப்படியாவது வந்துரு.”

அந்தப் பக்கம் இருமிவிட்டுச் சொன்னாள்.

“வாரேன்க்கா.”

மணி 2.05. நான் உள்ளே போனபோது அவள் எனக்கு முன்பே வார்டில் நின்றாள். தலை முதல் கால் வரை கவச உடை. முகம் தெரியாது என்பதால் முதுகில் மார்க்கரால் பெயர் எழுதிக்கொள்வோம். தன் முதுகில் தானே எழுத முடியாது. எனக்கு அவள் எழுதுவாள், அவளுக்கு நான். அன்று என் முதுகு வெறுமை. அவள் முதுகில் பெயர் இருந்தது. யார் எழுதியது என்று கேட்கக்கூட நேரமில்லை.

3.30. வேர்வையில் என் கவசக் கண்ணாடி முழுக்க ஆவி. அவள் கண்ணாடி பளிச்சென்று இருந்தது.

4.15. நடந்தால் உடை சரக்... சரக்... என்று உரசும். அவள் என்னைக் கடந்து போனாள். சத்தமே இல்லை.

5.40. பதினேழாம் கட்டிலில் மில் தொழிலாளி வேலுசாமி. ஆக்சிஜன் குழாய் கழன்றுவிட்டது. நான் வார்டின் இன்னொரு கோடியில். ஓடினேன். அதற்குள் அவள் மாட்டிவிட்டிருந்தாள்.

“அந்தப் பிள்ள கை ஐஸா இருக்கும்மா,” என்றார் அவர்.

திரும்பினேன். அவள் முதுகு.

ஈஸ்வரி. பக்கத்தில் ஒரு சின்னப் பூ. தினமும் நான் வரைந்துவிடும் பூ.

என் கையெழுத்து.

நான் எழுதவில்லை...

“முடிஞ்சிருச்சாக்கா? நான் போகட்டா?”

முப்பத்தெட்டுக் கட்டிலையும் ஒரு தடவை பார்த்தேன். என் வாய் சொன்னது, “எட்டு மணி வரைக்கும் இருந்துரு.”

இருந்தாள்.

8.10. உடை கழற்றும் அறையில் நான் மட்டும். போனில் அவள் அண்ணன் வினோத் ஆறு தடவை கூப்பிட்டிருந்தான். ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டு போகும் வழியில், ஆம்புலன்ஸிலேயே முடிந்துவிட்டதாம். மதியம் 1.10-க்கு. டூட்டிக்கு நேரமாச்சு என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தாளாம்.

மறுநாள் ஆள் கேட்டு ஆபீஸில் சண்டை போட்டேன். வருகை நோட்டைத் திருப்பிக் காட்டினார்கள். முந்தின நாள் மதிய ஷிப்டு, இரண்டு கையெழுத்து. ஈஸ்வரி செத்துவிட்டாள் என்றேன். கையெழுத்து இருக்கிறதே என்றார்கள்.

அடுத்த வார டூட்டி சார்ட்டிலும் என் பெயருக்குப் பக்கத்தில் அவள் பெயர்தான். அதை அடிக்கக்கூட யாருக்கும் தோன்றவில்லை. ஆறு நாள் தனியாகவே வார்டைப் பார்த்தேன். தினமும் இரண்டு மணிக்குக் கண் கதவுக்குப் போகும். வந்துவிடுவாளோ என்று பயம்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்... வந்தால் தேவலை என்றும் இருந்தது.