முன் அச்சில் இரண்டு பல் குறைவு

யுத்தம் முடிந்த மறு வருஷம், கார்த்திகை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. காலை எட்டு மணிக்குத் தூத்துக்குடிப் பழைய துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் பட்டறையிலிருந்து லாரி புறப்பட்டது. ஓட்டியவர் சுடலைமுத்து. பர்மாப் பக்கம் மிலிட்டரி லாரி ஓட்டிவிட்டு வந்தவர். பக்கத்தில் நான். அந்தப் பட்டறையில் ஃபிட்டராக இருக்கிறேன். ஸ்ரீவைகுண்டத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். வயது நாற்பத்தாறு ஆகியும் நாலு பேர் கூடிய இடத்தில் எனக்கு வாய் வராது.

போன காரியம் இது. பெரியதாழையில் சங்கு குளிக்கிறவர்கள், அதாவது கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கிறவர்கள், இருபத்திரண்டு பேர் இருந்தார்கள். அவர்களை மறுநாள் புதன்கிழமை நாலு மணிக்குள் தூத்துக்குடிச் சங்கு ஆபீஸில் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அந்த வருஷத்துக் குளிப்புக்குப் பெயர் எழுதும் கடைசி நாள் அது. ஆள் நேரில் நின்றால்தான் பெயர் எழுதுவார்கள். தவறினால் அடுத்த கார்த்திகை வரை அந்த வீடுகளில் சங்குக் காசு கிடையாது. வழக்கமாக அவர்கள் வள்ளத்தில் வந்துவிடுவார்கள். அந்த வாரம் வாடைக்காற்று எதிரே நின்று அடித்ததால் பாய் விரிக்க முடியவில்லை. எங்கள் முதலாளி அண்ணாச்சிக்கு ஆள் அனுப்பி லாரி கேட்டிருந்தார்கள்.

லாரியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டாளத்தார் ஏலம் விட்டதில் அண்ணாச்சி வாங்கியது. நான்கு சக்கரமும் இழுக்கும். முன் சக்கரங்களை இழுவையில் சேர்க்கவும் விடவும் டிரைவர் காலருகே ஒரு குட்டைக் கம்பி உண்டு. வாங்கும்போது டயரின் உயரம் முப்பத்திரண்டு அங்குலம். கடற்கரை மணலில் போக அது போதாது என்று அண்ணாச்சி நாற்பது அங்குல மணல் டயர் போட்டார். அகலம் அதிகம் என்பதால் மணலில் புதையவில்லை. ஆனால் வேறொரு கஷ்டம் வந்தது. சக்கரம் பெரிதானால் ஒரு சுற்றில் அதிக தூரம் உருள வேண்டும். இஞ்சினுக்குப் பலம் பழைய பலம்தானே. சின்ன மேட்டைக் கண்டாலும் மூச்சு முட்டி நின்றது.

அதற்கு வைத்தியம் அச்சின் நடுவில் இருக்கும் பல்சக்கர ஜோடியை மாற்றுவது. பழைய ஜோடியில் சின்னதற்கு எட்டுப் பல், பெரியதற்கு நாற்பது. இஞ்சினிலிருந்து அச்சுக்கு வரும் தண்டு ஐந்து சுற்றுச் சுற்றினால் சக்கரம் ஒரு சுற்று. புது ஜோடியில் ஆறும் முப்பத்தொன்பதும். தண்டு ஆறரை சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று. வேகம் குறையும், இழுவை கூடும். பின் அச்சுக்கு அந்த ஜோடி கிடைத்தது. முன் அச்சுக்கு வந்த ஜோடியும் பார்க்க அதே மாதிரிதான் இருந்தது. மாட்டுவதற்கு முன் சாக்கட்டியால் குறி வைத்து எண்ணினேன். ஆறும் முப்பத்தேழும். மறுபடி எண்ணினேன். முப்பத்தேழுதான்.

அண்ணாச்சியிடம் போய்ச் சொன்னேன். அவர் கடுதாசி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பல்லுதானவே? எங்க அப்பாவுக்கு வாயில நாலு பல்லு கெடையாது, முறுக்கு தின்னுதாரு. மாட்டும்" என்றார்.

முன் சக்கரமும் பின் சக்கரமும் ஒரே வண்டியில் இரண்டு கணக்கில் சுற்றும் என்று நான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். பொலபொலவென்று உதிரும் பூழி மணலில் டயர் வழுக்கிச் சரிக்கட்டிக்கொள்ளும். கெட்டித் தரையில் முன் சக்கரத்தைச் சேர்த்து ஓட்டினால் உள்ளே தண்டெல்லாம் முறுக்கேறி ஏதாவது ஒன்று உடையும். இதெல்லாம் எனக்குத் தெரியும். "சரி அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வந்து மாட்டினேன்.

இந்தக் கனம் மனதில் இருந்ததால் வழியில் எதையும் நிம்மதியாகப் பார்க்கவில்லை. புதுக்கோட்டையில் வண்டியை நிறுத்தச் சொல்லி, பல்சக்கரம் இருக்கும் அச்சுக் கூண்டைத் தொட்டுப் பார்த்தேன். கை பொறுக்கும் சூடுதான். பத்தரைக்கு ஸ்ரீவைகுண்டம். அணைக்கட்டில் ஆறு இரு கரையும் தொட்டு ஓடியது. என் ஊர்தான். இறங்கி ஒரு வீட்டுக்கும் போகவில்லை. கிளப்பில் இரண்டு பேருக்கு இட்லியும் காப்பியும் ஆறணா. அங்கே சுடலைமுத்துவிடம் பல் சமாச்சாரத்தை மெல்லச் சொன்னேன்.

"மண்ணுல சேக்கணும், ரோட்டுல விடணும். அவ்வளவுதான ஃபிட்டரே? இதுக்காவே நேத்துலேந்து சோறு எறங்காம இருக்கீரு?" என்றார்.

ஆழ்வார்திருநகரி, குரும்பூர், திருச்செந்தூர், குலசேகரப்பட்டினம் என்று போய் மணப்பாட்டில் மணல்மேட்டுச் சிலுவைக் கோயில் தெரிந்தபோது மணி இரண்டு. ரோட்டுக் கல் கணக்கில் ஐம்பது மைல். மீட்டர் ஐம்பத்திரண்டு காட்டியது. டயர் கூடிய அளவும் பல் மாறிய அளவும் சரிக்குச் சரி இல்லாததால் வந்த வித்தியாசம் அது. மீட்டர் பொய் சொன்னால் ஒன்றும் உடையாது என்று நினைத்துக்கொண்டேன்.

மணப்பாட்டிலிருந்து பெரியதாழை ஆறு மைல். ரோடு கிடையாது. மேட்டோரமாகப் பூழி மணலில் முன் சக்கரம் சேர்த்து ஓட்டினோம். வண்டி யானை மாதிரி நிதானமாக நடந்தது. நாலு மணிக்கு ஊர் சேர்ந்தோம். சம்மாட்டி கயித்தான் எங்களுக்கு மீனும் சோறும் போட்டார். அந்த இருபத்திரண்டு பேருக்கும் அவர்தான் தலைவர். அறுபது வயதிருக்கும். காது கொஞ்சம் மந்தம். ஆழத்தில் மூழ்கி மூழ்கி அடைத்துப்போனது என்றார்கள்.

புதன்கிழமை காலை ஆறரைக்குக் கோயிலில் சாமியார் ஜெபம் சொல்லித் தீர்த்தம் தெளித்தார். பெண்கள் கோயில் முற்றத்தோடு நின்றுவிட்டார்கள். ஆண்கள் ஒருவரும் திரும்பிப் பார்க்காமல் வந்து லாரியில் ஏறினார்கள். குளிப்புக்குப் புறப்பட்டவன் தூத்துக்குடி மண்ணை மிதிக்கும்வரை ஓரடியும் பின்வாங்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். மறந்துபோன பொருளை எடுக்கவும் வீட்டுக்குத் திரும்ப மாட்டார்கள். மூழ்கும்போது காலில் மாட்டும் கல்லும் கயிற்றுச் சுருள்களும் நடுவில் குவிந்திருந்தன. நல்ல பாரம்.

ஏழு மணிக்கு முன் சக்கரம் சேர்த்துக் கிளம்பினோம். அரை மைல் போனதும் கயித்தான் முன்னால் குனிந்து சொன்னார்.

"ஏலே தம்பி, இந்தப் பூழியில எதுக்குக் கெடந்து உழுத? தண்ணியோரம் எறக்கு. அங்கன தரை சிமிண்டு மாதிரி."

சுடலைமுத்து இறக்கிவிட்டார். அலை நனைத்த மணல் உண்மையிலேயே சிமெண்டுத் தரை மாதிரிதான் இருந்தது.

"கம்பிய எடுத்துருங்க" என்றேன்.

"நிறுத்துனாத்தான எடுக்க முடியும்? இந்தப் பாரத்தோட நிறுத்துனா பதிஞ்சிரும். மணப்பாட்டுல எடுப்போம்."

உரக்கச் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. நான் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மைல் போனது. ஸ்டியரிங் கனத்தது. டயர்கள் வழுக்காமல் கடித்துக் கடித்துக் குதித்தன. அடியில் எதுவோ முனகியது. ஏழே முக்காலுக்கு வண்டி தானாகவே நின்றது.

சுடலைமுத்து கம்பியை இரண்டு கையாலும் இழுத்தார். அசையவில்லை. காலால் உதைத்தார். அதற்கும் அசையவில்லை. ஜாக்கி வைத்து ஒரு சக்கரத்தைத் தூக்கினால் முறுக்கு விட்டுவிடும். எடுத்து வைத்தேன். வண்டி எழும்பவில்லை, ஜாக்கிதான் மணலுக்குள் இறங்கியது. கீழே பலகை கொடுத்தேன், பலகையும் இறங்கியது. கடல் ஏறிவரும் ஏறுவெள்ள நேரம். கடல் பக்கத்து டயரை அலை வந்து தொட்டுவிட்டுப் போனது. ஒவ்வொரு தொடுதலுக்கும் டயரடி மணல் கரைந்தது.

கயித்தான் இறங்கச் சொன்னார். இருபத்திரண்டு பேரும் குதித்தார்கள். வள்ளத்தைக் கடலில் இறக்கும்போது செய்வார்களே, அதே மாதிரி பின்னால் போய்த் தோள் கொடுத்து, ஒருவர் பாட மற்றவர்கள் ஏந்திக்கொள்ள, முன்னால் தள்ளினார்கள். மனிதர்களா இரும்பா என்று தெரியவில்லை, வண்டி ஒரு முழம் நகர்ந்தது. அந்த ஒரு முழத்துக்கும் சேர்த்து உள்ளே முறுக்கு ஏறியது. அடியில் படீரென்று ஒரு சத்தம். குனிந்து பார்த்தேன். எதுவும் உடையவில்லை. இன்னொரு முழம் தள்ளினால் உடையும் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

"பின்னால தள்ளணும்" என்றேன். பாட்டுச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. கயித்தான் கையைப் பிடித்துச் சொன்னேன்.

"என்னது?"

"பின்னால. கொஞ்ச தூரம்தான்."

அவர் முகம் மாறியது. "பொறப்பட்டவன் பொறத்தால போவ மாட்டான் ஃபிட்டரே. வேற வழி சொல்லும்."

சவேரி என்ற ஒரு ஆள், நாற்பது வயது, நல்ல வாய்க்காரர், "தண்ணிக்குள்ள தள்ளச் சொல்லும், தள்ளுதோம். நமக்குத் தெரிஞ்ச எடமாவது" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். மணி எட்டு நாற்பது. அலை இப்போது சக்கரத்தைத் தாண்டி அடிப்பலகை வரை தெறித்தது.

வாயால் சொல்லி முடியாது என்று தெரிந்துவிட்டது. லாரியில் ஏறி ஒரு கயிறு எடுத்தேன். இரட்டையாக மடக்கி, ஒரு முனையைச் சவேரியிடமும் மறு முனையைச் சுடலைமுத்துவிடமும் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். நடுவில் ஸ்குரூ டிரைவரைச் செருகி முறுக்கினேன். இரண்டு புரியும் இறுகிக் கயிறு கல்லாகிவிட்டது. கயித்தானைப் பார்த்து, எடுங்கள் என்று கையால் காட்டினேன். அவர் ஸ்குரூ டிரைவரைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. நான் இன்னும் ஒரு சுற்று முறுக்கினேன். கயிறு நெரிந்தது. மறுபடி இழுத்தார். வரவில்லை.

பிறகு எதிர்ப்பக்கம் மூன்று சுற்றுச் சுற்றினேன். அது தானாக நழுவி மணலில் விழுந்தது.

கயித்தான் குனிந்து அதை எடுத்தார். வண்டியைப் பார்த்தார். கயிற்றை நம்பி ஆழத்தில் இறங்குகிறவருக்கு முறுக்கைப் பற்றி அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை.

"எவ்வளவு?" என்று கேட்டார்.

"இருபதடி."

அவர் கையிலிருந்த ஸ்குரூ டிரைவரை என்னிடம் தந்தார். இருபது அடிக்காக ஒரு வருஷக் குளிப்பைக் கெடுத்துக்கொள்வதா, அல்லது வண்டியைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு நடப்பதா என்று யோசித்திருப்பார். நாலு மணிக்குள் ஐம்பத்துச் சொச்சம் மைலை நடந்து கடக்க முடியாது. இவ்வளவுக்கும் காரணம் நான் அழுத்திச் சொல்லாமல் விட்ட இரண்டு பல்.

வழி சொன்னது சவேரிதான்.

"சம்மாட்டி, வண்டி பின்னால போட்டும். நம்ம மொகம் எதுக்குப் பின்னால போவணும்?" என்று சொல்லிக்கொண்டே லாரியின் முன்னால் போய், ரேடியேட்டர் கம்பிக்கு முதுகைக் கொடுத்து, மணப்பாட்டுக் கோயிலைப் பார்த்தபடி நின்றார். "நான் தூத்துக்குடியத்தான் பாத்துட்டு நிக்கேன். கால் எங்க போனா என்ன?"

கயித்தான் அவர் முகம் இருந்த திசையைப் பார்த்தார். பிறகு அவரும் போய் முதுகைச் சாய்த்தார். முன்பக்கம் இடம் கொண்ட மட்டும் நின்றார்கள். மற்றவர்கள் பக்கப் பலகையைப் பிடித்துக்கொண்டார்கள். எல்லா முகமும் வடக்கே பார்த்திருந்தன. சுடலைமுத்து பின் கியர் போட்டார். பாட்டு ஆரம்பித்தது. நானும் சவேரிக்குப் பக்கத்தில் முதுகைக் கொடுத்தேன். ரேடியேட்டர் சுட்டது.

"ஃபிட்டரே, தோசைக்கல்லுல போட்ட மாதிரி இருக்குவே. திருப்பிப் போட ஆளில்ல" என்றார் சவேரி.

வண்டி முனகியது. அசைந்தது. ஓரடி, மூன்றடி. பத்தடி போனபோது உள்ளேயிருந்து டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. சுடலைமுத்து கையை உயர்த்தினார். கம்பி விட்டுவிட்டது. கயித்தான் சிலுவை போட்டுக்கொண்டு ஏறினார்.

மணி ஒன்பது ஐந்து. பிறகு நான் கம்பிக்குக் காவல் உட்கார்ந்தேன். ஈர மணலில் பின் சக்கரம் மட்டும். மணப்பாட்டில் மேடு ஏறும்போது சேர்த்தோம். ரோட்டுக்கு இறங்குமுன் நான் "நிறுத்துங்க" என்றேன். சுடலைமுத்து திரும்பிப் பார்த்தார். உரக்கத்தான் சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. நிறுத்திக் கம்பியை எடுத்தார்.

திருச்செந்தூர் பதினொன்றரை. ஸ்ரீவைகுண்டத்தில் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றும்போது மணி ஒன்று ஐந்து. ஒருவரும் சாப்பிட இறங்கவில்லை. தூத்துக்குடிச் சங்கு ஆபீஸ் வாசலில் நின்றபோது மூன்று பத்து. கயித்தான் முதலில் இறங்கி, இரண்டு காலையும் மண்ணில் நன்றாக ஊன்றிக்கொண்டு, அதன் பிறகுதான் முதல் தடவையாகத் திரும்பித் தெற்கே பார்த்தார். சவேரியின் முதுகில் ரேடியேட்டர் கம்பிகளின் தழும்பு வரிவரியாகச் சிவந்திருந்தது. என் முதுகிலும் இருந்தது, வீட்டில்தான் பார்த்தேன். இருபத்திரண்டு பெயரும் எழுதி முடித்தபோது நாலு மணியாக ஐந்து நிமிஷம் இருந்தது. நான் சுவரோரமாக நின்று எண்ணிக்கொண்டே இருந்தேன்.

பட்டறையில் அண்ணாச்சி, "வண்டி எப்படிவே?" என்றார்.

"முன் அச்சுல ரெண்டு பல்லு கொறவு அண்ணாச்சி. அத மாத்தாம இனி மணலுக்கு அனுப்பாதீங்க."

"அதான் அன்னைக்கே சொன்னீரே?"

"அன்னைக்குச் சொன்னது எனக்கே கேக்கல" என்றேன்.

ஜோடி மதராசிலிருந்து வர ஒரு மாதம் ஆகும் என்றார். எங்கள் பட்டறைத் தரை சிமெண்டு. ஜாக்கி வைத்தால் வைத்த இடத்தில் நிற்கும். இங்கே உட்கார்ந்து எண்ணும்போது இரண்டு பல் வெறும் இரண்டு பல்தான். அதன் அளவு எவ்வளவு என்று அலையோரத்தில் நின்று பார்த்தவன் நான். அந்த ஒரு மாதத்துக்கு யார் ஓட்டினாலும் கண்ணில் படட்டும் என்று, கம்பிக்கு மேலே வெள்ளைப் பெயிண்டால் நானே எழுதி வைத்தேன்: "கெட்டி மணலில் முன் சக்கரம் கூடாது. சிக்கினால் பின்னால் தள்ளு."

இரண்டு நாள் கழித்து வண்டியைக் கழுவும்போது பார்த்தேன். அதற்குக் கீழே சுடலைமுத்துவின் கையெழுத்தில் சாக்கட்டியால் ஒரு வரி இருந்தது: "முகம் முன்னால் இருக்க வேண்டும்." அழிக்க மனம் வரவில்லை. சாக்கட்டி அழிந்துவிடும் என்று பெயிண்டு டப்பாவை எடுத்து, அந்த எழுத்தின் மேலேயே மெல்ல வரைந்தேன்.