பூஜ்யம் காட்டிய கார்

புகையை அளக்கும் அனலைசரில் பூஜ்யம் வந்ததும் எனக்கு வேர்த்துவிட்டது. 2010இல் அல்லிநகரத்தில் வாகனப் புகைப் பரிசோதனை மையம் வைத்திருந்தேன். சைலன்சருக்குள் குழாயைச் செருகி, வரும் ரீடிங்கை அச்சடித்துக் கொடுக்க வேண்டும். சில மகானுபாவர்கள் குழாயை வெளியே தொங்கவிட்டே சர்ட்டிபிகேட் அடித்ததால், பூஜ்யம் என்றாலே ஆர்.டி.ஓ. ஆபீசில் திருட்டுக் கணக்குதான். லைசென்ஸ் போய்விடும்.

வண்டி போடி ஏலக்காய் வியாபாரி ஒருவருடையது. பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓடும் ஹைபிரிட் கார். அதுவரை நான் பார்த்ததே இல்லை.

"ரேஸ் குடுங்க முதலாளி" என்றேன். பிரேக்கில் கால் வைத்தபடியே, "வெரசா அடிச்சுக் குடுப்பா, குமுளிக்குப் போகணும்" என்றார்.

மெஷின்தான் மக்கர் என்று நினைத்து, அவரை வண்டியை அணைக்கச் சொன்னேன். ஃபில்டரைக் கழற்றித் துடைத்தேன். குழாயை ஊதினேன். என் மொபெட்டில் செருகினால் ரீடிங் ஒழுங்காக வந்தது. அரைமணி நேரம் போனது.

"பிரேக்கப் புடிச்சு நின்னா இஞ்சினு தானா அணைஞ்சுரும்னு கம்பெனிக்காரவுக சொன்னாக" என்றார் அவர், சாவகாசமாக.

"இத முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீ கேட்டியா?"

மறுபடி ஸ்டார்ட் செய்து, பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். இப்போது இஞ்சின் சத்தம் கேட்டது. ரீடிங் சர்ரென்று ஏறி, வரம்பைத் தாண்டியது. ஃபெயில்!

"புகையே வராதுன்னுதான இம்புட்டு வெல குடுத்து வாங்குனேன்! ஒன் மெஷினத் தூக்கிப் போடு!" என்று கத்தினார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. குழாயை எடுக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே ரீடிங் மெல்ல இறங்கி வரம்புக்குள் வந்து நின்றது. புகையைச் சுத்தம் செய்யும் கன்வெர்ட்டர் சூடேறினால்தான் வேலை செய்யும், அணைத்து வைத்த அரைமணியில் அது ஆறிப்போயிருந்தது என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரே வண்டிக்கு மூன்று ரீடிங். கடைசியை அச்சடித்து, எதற்கும் இருக்கட்டும் என்று அடியில் பேனாவால் எழுதினேன்: 'இஞ்சின் ஓடியது. சூடாக இருந்தது.'

அடுத்த வாரம் சோதனைக்கு வந்த ஆர்.டி.ஓ. அதிகாரி அந்தச் சர்ட்டிபிகேட்டின் நகலைப் பார்த்தார். "எல்லா வண்டியும் ஓடும்போதுதானய்யா டெஸ்ட் பண்ணுவ? இத எதுக்கு எழுதுன?"

"கொழம்பிப் போயி எழுதிட்டேன் சார்."

சிரித்துவிட்டு, கையெழுத்துப் போட்டார். லைசென்ஸ் தப்பியது.

அன்று முதல் எந்த வண்டி வந்தாலும் முதலில் சைலன்சருக்குப் பின்னால் கையை வைத்துக் காற்று வருகிறதா என்று பார்ப்பேன். ஆனால் ஒரு குழப்பம் தீரவில்லை. தினமும் காலையில் அந்தக் கார் ஆறிய இஞ்சினோடு ஸ்டார்ட் ஆகும்போது வருவது, வரம்பைத் தாண்டிய அந்த இரண்டாவது ரீடிங்தான். அதை எழுத என் படிவத்தில் கட்டமே இல்லை.