கட்டிப்போட்ட கை

என் தம்பிக்கு எல்லாமே பீச்சாங்கைதான். சோறு, கல், பம்பரம், எதை எடுத்தாலும் அந்தக் கைதான் முந்திக்கொண்டு வரும். சுங்கை சிப்புட் ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டம் ஒன்றில், லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். 1920களின் நடுவில் நடந்தது இது. எனக்குப் பத்து வயது, அவனுக்கு ஆறு. அப்பாவும் அம்மாவும் விடியுமுன் பெரட்டுக்குப் போய் வரிசையில் நின்று பேர் கொடுத்துவிட்டுப் பால் வெட்டப் போய்விடுவார்கள். அவர்கள் திரும்பும்வரை தம்பி அக்காவான என் பொறுப்பு.

அவன் கிட்டிப்புள் ஆடுவதைப் பார்க்க வேண்டுமே. கோலால் அடிப்பதைவிடப் பிடிப்பதில்தான் மகா கெட்டிக்காரன். இரண்டு முனையும் கூராகச் சீவிய புள் விர்ரென்று வரும். பெரிய பையன்களே விலகி ஓடுவார்கள். இவன் இடக்கையை நீட்டிக் கொய்யாக்காய் பறிப்பது போலப் பிடித்துக்கொள்வான். எனக்குப் பெருமை தாங்காது. என் தம்பி, என் தம்பி என்று லயம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிவேன்.

ஒரு நாள் சாயங்காலம், அப்பா வீட்டில் இருக்கையில், எங்கள் கங்காணி வாசலில் நின்று தண்ணீர் கேட்டார். தம்பி ஆசையாக ஓடிப்போய்ச் செம்பை நீட்டினான், பீச்சாங்கையால். கங்காணி அதை வாங்கி நிதானமாகத் தரையில் கொட்டினார். பிறகு அப்பாவைப் பார்த்து, "கழுவுற கையாலதான் தண்ணி குடுப்பானா? இவன வளத்து எந்த மரத்த வெட்ட விடப் போற?" என்றார்.

அதற்கு அர்த்தம் எங்கள் எல்லோருக்கும் தெரியும். ரப்பர் மரத்தில் வெட்டு இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் சரிய வேண்டும். நொட்டாங்கைக்காரன் கத்தி பிடித்தால் பட்டை காயப்பட்டு மரம் கெட்டுப்போகும் என்று தோட்டமே நம்பியது. மரத்தைக் கெடுப்பவனுக்கு வேலை இல்லை. வேலை இல்லாதவனுக்கு லயத்தில் இடமும் இல்லை.

அப்பா அன்றைக்குச் சத்தம் போடவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர், "தீவாளிக்குள்ள சோத்தாங்கை வரலேன்னா அந்தக் கையில சூடு வச்சிருவேன்" என்று மட்டும் சொன்னார். அவர் வாய்ச்சொல்லோடு நிற்கிற ஆள் இல்லை. கடைசி வீட்டுப் பெண்ணுக்கு இடது புறங்கை முழுக்கச் சுருங்கிய தோல். சின்ன வயதில் அவளைப் பெற்றவர்கள் வைத்த சூடு. அந்தக் கையை அவள் எப்போதும் முந்தானைக்குள்தான் வைத்திருப்பாள்.

தம்பியின் கையும் அப்படி ஆகிவிடுமே என்று ராத்திரியெல்லாம் அழுதேன். அப்புறம் செய்தது முழுக்க என் யோசனைதான், வேறு யார் தலையிலும் போடமாட்டேன். அம்மாவின் பழைய சேலையில் ஒரு கிழிசலை எடுத்தேன். காலையில் அவர்கள் போனதும் தம்பியின் இடது மணிக்கட்டை இடுப்போடு சேர்த்து இறுக்கிக் கட்டினேன். அவர்கள் வருமுன் அவிழ்த்துவிடுவேன். மணிக்கட்டில் தடத்தைப் பார்த்த அம்மா தேங்காயெண்ணெய் தடவிவிட்டாள்.

விளையாட்டிலும் விடவில்லை. வலக்கையில் கோலைத் திணித்தேன். வீசினால் காற்றில்தான் படும். பையன்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அந்த ஆத்திரத்தையும் அவன் தலையில் குட்டித்தான் தீர்த்துக்கொண்டேன். சண்டாளி நான். ஆனாலும் சோத்தாங்கை மெல்ல மெல்ல வந்தது. சிந்தாமல் கஞ்சி குடிக்கத் தொடங்கினான்.

தீபாவளிக்கு நாலு நாள் இருந்தது. அன்றைக்குப் பிடிக்க ஆள் குறைவு. "ஒரே ஒரு ஆட்டத்துக்கு அவுத்து விடுக்கா" என்று கெஞ்சினான். இன்னும் நாலே நாள் பொறுத்துக்கொள் என்றேன். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, கட்டிய கையோடு எதிரே போய் நின்றான்.

கோல் என் கையில். எப்போதும் போல ஓங்கி அடித்தேன். புள் அவனுடைய இடப்பக்கம் பறந்தது. வேறு யாராக இருந்தாலும் தலையைக் குனிந்திருப்பார்கள். அவன் பிடிக்கப் பார்த்தான். இடது தோள் மேலே துள்ளியது. கை வரவில்லை. புள் கண்ணில் குத்தியது.

மாட்டு வண்டியில் ரயிலடி வரைக்கும், அங்கிருந்து ரயிலில் பத்து காஜா என்ற ஊர் ஆஸ்பத்திரிக்கும் அப்பா அவனைத் தூக்கிக்கொண்டு போனார். இடது கண்ணை எடுத்துவிட்டார்கள். பிள்ளை கையைத் தூக்கித் தடுக்கவில்லையா என்று அங்கே கேட்டார்களாம். அம்மா பிறகு சொன்னாள்.

தீபாவளி போய்ப் பல நாள் கழித்துத்தான் வீட்டுக்கு வந்தான். முதல் நாள் சோற்றைத் தட்டில் போட்டுவிட்டு, எந்தக் கையால் வேண்டுமானாலும் சாப்பிடு ராசா என்று அப்பா சொன்னார். தம்பி சோத்தாங்கையால் சாப்பிட்டான், ஒரு பருக்கை சிந்தவில்லை.

சாயங்காலம் அவனை வெளியே கூட்டிப்போய் உட்கார வைத்தேன். முனை சீவாத ஒரு குச்சியை எடுத்து, இரண்டடி தள்ளி நின்று மெதுவாகப் போட்டேன். அது அவன் நெஞ்சில் பட்டுக் கீழே விழுந்தது. இடக்கை இடுப்போடு ஒட்டியபடியே இருந்தது. பீச்சாங்கையாலேயே பிடிடா, இனிமேல் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்றேன்.

அவன் இடுப்பில் அந்தச் சேலைக் கிழிசல் இல்லை.

"அது கட்டியிருக்குக்கா" என்றான்.