ஹாங்காங்காரர் கொடுத்த கேசட்டுகள்

என் மனைவி பார்சிப்பனி என்ற ஊருக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். கிரீன் கார்டு அவள் வேலைக்காகக் கிடைத்தது. நான் அவளோடு ஒட்டிக்கொண்டு வந்தவன். ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்குப் பெட்ரோல் பங்க்கில் வேலை. கார் கண்ணாடி இறங்கும்போதெல்லாம், ஆங்கிலத்தில் என்ன கேட்கப்போகிறார்களோ என்று பாதி நாள் பயந்துகொண்டிருப்பேன். மீதி நாள் அவளைப் பற்றிய பயம்.

அந்தப் பயத்துக்கு ஓர் உருவம் கிடைத்தது, அவளோடு வேலை பார்த்த ஹாங்காங்காரர் கேசட் கொடுக்க ஆரம்பித்த பிறகுதான். எல்லாம் அவருடைய ஊர்ப் படங்கள். போலீசும் ரவுடிக் கும்பலும். பேச்சு கான்டனீஸ், கீழே ஆங்கில எழுத்து ஓடும். ஒரு வரியில் பாதியை நான் எழுத்துக்கூட்டுவதற்குள் அடுத்த வரி வந்துவிடும். அதனால் சனிக்கிழமை மத்தியானம் சோபாவில் என் தோளில் சாய்ந்துகொண்டு, திரையில் வாயைத் திறக்கிற எல்லோருக்கும் அவளே தமிழில் பேசுவாள். மழையில் மின்னும் தெரு, நீளமான கோட்டு, சிகரெட் பற்றவைக்கக்கூட அவசரப்படாத ஆண்கள். அவள் அவர்களைப் பார்ப்பாள். நான் அவளைப் பார்ப்பேன்.

"இவன் போலீஸா, ரவுடியா?"

"போலீஸ்தாங்க. ரவுடி மாதிரி கும்பலுக்குள்ள போயிருக்கான். என்ன ஸ்டைலா நடக்கறான் பாருங்க."

"கேசட் குடுத்தவரும் இப்படித்தான் நடப்பாரா?"

"அவரு ஓடுவாரு. எமர்ஜென்சில யாரு நடக்கறாங்க?"

நியாயமான பதில்தான். ஆனாலும் அவர் ஓடுவதை இவள் கவனித்திருக்கிறாளே என்று எனக்குத் தூக்கம் கெட்டது. ஆளை நேரில் பார்த்துவிடுவது என்று, நானே அவரைச் சாப்பிடக் கூப்பிடச் சொன்னேன்.

வந்தார். என்னைவிட இளையவர். கோட்டு இல்லை, ஆனால் சட்டையில் ஒரு சுருக்கம்கூட இல்லை. சொல்லாமலே வாசலில் ஷூவைக் கழற்றினார். குறை கண்டுபிடிக்க இடம் தராதது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கோழிக் குழம்பை மூக்கில் நீர் வழிய இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டார். பிறகு புதுக் கேசட்டைப் போட்டோம். ஒரு தாதா தன் ஆட்களை வரிசையாக நிற்கவைத்துத் திட்டுகிறான். பேச்சு காதில் விழுந்ததுமே அவர் சிரித்தார். எழுத்தைப் படித்து அவள் சிரித்தாள். நான் அவள் வாயைப் பார்த்தேன்.

"வேல சரியில்லன்னு திட்டறாரு" என்றாள்.

இதில் சிரிக்க என்ன இருக்கிறது? இருவரும் என்னை விட்டுவிட்டு எங்கேயோ போய்விட்ட மாதிரி இருந்தது. என் வீட்டுச் சோபாவில் நான்தான் விருந்தாளி.

அவர் போனதும், தட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன்.

"இன்னிக்கு மட்டும் ஏன் எல்லாத்தையும் சுருக்கின?"

"அந்த தாதா பேசினது பூரா அசிங்கம். அவர வச்சுக்கிட்டு எப்படிங்க சொல்றது?"

"அவருக்குத்தான் தமிழ் தெரியாதே."

"தெரியலன்னா? இன்னொரு ஆம்பள பக்கத்துல உக்காந்திருந்தா எனக்கு வாய் வருமா? உங்ககிட்டன்னா சொல்லுவேன். இனிமே கேசட் மட்டும் வாங்கிக்கறேன், அவரக் கூப்பிடாதீங்க."

சொல்லிவிட்டு, கையில் தட்டோடு நின்றபடியே தாதாவின் வசவை ஒன்று விடாமல் தமிழில் கொட்டினாள். அவளுக்கு இத்தனை வார்த்தை தெரியும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. இருமல் வரும்வரை சிரித்தேன்.

அடுத்த வாரம் வேலையிலிருந்து வேறொரு கேசட்டோடு வந்தாள்.

"குடுக்கும்போது என்ன சொன்னாரு?"

"ரீவைண்ட் பண்ணித் தரச் சொன்னாரு."

அவ்வளவுதான் சொல்லியிருப்பாரா என்று சனிக்கிழமை வரை யோசித்துக்கொண்டிருந்தேன்.