தூக்கிக் குடித்த தேநீர்

நான்காம் பாரத்தில், அதாவது ஒன்பதாம் வகுப்பில், எங்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்த டீச்சர், முதல் நாளே தன் நிலைமையை ஒளிக்காமல் சொல்லிவிட்டார். ஓண விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த காலை அது. வருஷத்தையும் சொல்ல ஆசைதான். ஆனால் என்னிடம் உள்ள இரண்டு ஆதாரங்கள் ஒன்றையொன்று மறுக்கின்றன. ஆகவே முப்பதுகளின் நடுப்பகுதி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

"நான் ஆக்டிங்தான், வேல இன்னும் நெரந்தரமில்ல, பிள்ளேளா," என்றார். நாகர்கோவில் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். பட்டப் படிப்பு முடித்த கையோடு வந்திருந்தார். "இன்ஸ்பெக்டிரஸ் அம்மா வந்து பாத்து, ரிப்போர்ட் நல்லா எழுதினா எனக்கு இங்க வேல நிலைக்கும். இல்லேன்னா நாகர்கோவில் பஸ்தான். அங்க எங்கம்மா ஒத்தைல இருக்கா. ரெண்டு பேருக்கும் நான்தான் சம்பாதிக்கணும், கேட்டேளா?"

ஆசிரியர்கள் இப்படிப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. ஸ்ரீவராகம் பகுதியிலிருந்து வந்து என் பக்கத்தில் உட்காரும் தோழி என் காதில், "பாவம்டி, நன்னாப் படிச்சு வைக்கணும்" என்றாள். அவள் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

டீச்சரின் முறை புதிதாக இருந்தது. வாரத்தில் ஒரு நாள் இலக்கணப் பயிற்சி, ஒரு நாள் பாட்டு, ஒரு நாள் சீமையில் மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்ற பாடம். மற்ற நாட்களில் வழக்கமான பாடப்புத்தகம். இலக்கணத்தில் வினைச்சொற்களின் மூன்று உருவங்களையும் மனப்பாடம் செய்ய வேண்டும். அண்ணன்மார் வேதம் சொல்வதைக் கேட்டே வளர்ந்த நாங்கள், 'கோ, வெண்ட், கான்' என்பதை அதே ஏற்ற இறக்கத்தோடு, உடலை லேசாக ஆட்டிக்கொண்டு சொன்னோம். வகுப்பிலிருந்த நாயர் வீட்டுப் பெண்களுக்கும் அது பிடித்துப்போயிற்று. அடுத்த அறையில் கணக்கு நடத்திய ஸார் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "இங்கே என்ன யாகம் நடக்கிறதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பாட்டு, பனியில் வண்டி சறுக்கிப் போவதைப் பற்றியது. பனி என்றால் எங்களுக்கு மார்கழி விடியலில் புல் நனைந்திருப்பது மட்டும்தான். டீச்சரும் வேறு பனியைப் பார்த்தவரல்ல. மறுநாள் ஒரு தாம்பாளத்தில் தேங்காய்த் துருவலைப் பரப்பிக்கொண்டு வந்தார். "இதுதான் சீமைப் பனி. வீடு, மரம், ரோடு, எல்லாத்து மேலயும் இப்படிக் கிடக்கும்." கடைசி பெஞ்சிலிருந்த நாயர் பெண் எழுந்து, "டீச்சரே, அதில சர்க்கர போட்டால் நல்ல ருசி உண்டாவும், அல்லே?" என்றாள். "அங்க என்ன சிரிப்பாணி?" என்று அதட்டப்போன டீச்சருக்கே சிரிப்பு வந்துவிட்டது. துருவல் பாடம் முடிவதற்குள் தீர்ந்தது.

அந்தப் பாட்டு எங்கள் காதுக்குச் சங்கராபரணமாகப் பட்டது. எனவே தொடையில் தாளம் போட்டோம். ஒவ்வொரு சரணத்துக்குப் பிறகும் முதல் வரிக்குத் திரும்பினோம். "இங்கிலீஷ் பாட்டில திரும்ப வேண்டாம், நேரப் போணும்," என்று டீச்சர் எத்தனையோ தரம் சொன்னார். பல்லவிக்குத் திரும்பாமல் நிறுத்துவது, கடைசிப் படியில் காலை வைக்காமல் நிற்பதுபோல் இருந்தது எங்களுக்கு.

சீமை வாழ்க்கைப் பாடத்தின் உச்சம், தேநீர் மேஜை. நான்கு பெண்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆங்கிலத்தில் உரையாட வேண்டும். வானிலை பற்றி ஒருத்தி கேட்பாள், இன்னொருத்தி பதில் சொல்வாள், மூன்றாமவள் சர்க்கரை வேண்டுமா என்பாள். தலைமையாசிரியையின் பீங்கான் கோப்பைகள் இரவல் கிடைத்தன; கறை படியும் என்று அவற்றில் எதையும் ஊற்றவிடவில்லை. எனவே ஒத்திகை முழுவதும் வெறும் கோப்பைகளோடுதான். சுண்டுவிரலை எப்படி மடக்குவது, கோப்பையை ஓசைப்படாமல் தட்டில் எப்படி வைப்பது என்பதெல்லாம் கற்றோம். நானும் ஸ்ரீவராகத்துத் தோழியும், சர்க்கரை கேட்ட நாயர் பெண்ணும், பாறசாலையிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த கிறிஸ்தவப் பெண் ஒருத்தியும் அந்த நால்வர்.

பரிசோதனை நடந்தது, சுவாமியை ஊர்வலமாகக் கடலுக்கு நீராட்டக் கொண்டுபோகும் ஐப்பசி ஆறாட்டுக்கு மறுநாள். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆறாட்டு திருவோண நட்சத்திரத்தில் வரும். முந்தைய நாள் என் தாயார் சிரவண விரதம் இருந்ததும், ஊர்வலம் பார்க்க நின்று எனக்குத் தொண்டை கட்டியதும் நினைவிருக்கின்றன. அந்தக் கட்டிய தொண்டையோடுதான் பாடினேன்.

இன்ஸ்பெக்டிரஸ் உயரமான வெள்ளைக்கார அம்மாள். கழுத்தைச் சுற்றி வெள்ளை லேஸ். வந்ததும் வினைச்சொற்களைக் கேட்டார். ஒருத்தியைத்தான் கேட்டார், வகுப்பு முழுவதும் ஆடிக்கொண்டே ஓதியது. அவர் புருவம் உயர்ந்தது. பிறகு பாட்டு. தொடையில் தாளம் விழுந்தது. முடிக்க வேண்டிய இடத்தில் யாரோ முதல் வரிக்குத் திரும்ப, அனைவரும் திரும்பினோம். நிறுத்தத் தெரியாமல் மூன்று முறை திரும்பி வந்தோம். இன்ஸ்பெக்டிரஸ் தலைமையாசிரியையிடம் ஆங்கிலத்தில் சொன்னது எனக்குத் தெளிவாகவே கேட்டது: 'நல்ல மனப்பாடம். இதில் ஒரு சொல்லாவது இவர்களுக்குப் புரிகிறதா?'

டீச்சர் முகம் வெளுத்தது. "போச்சுடி, நாகர்கோவில் பஸ்தான்," என்றாள் தோழி.

தேநீர் மேஜைக்கு உட்கார்ந்தோம். வெறும் கோப்பைகளைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டிரஸ், உண்மையான தேநீர் இல்லாமல் என்ன தேநீர் மேஜை என்று கேட்டார். தலைமையாசிரியையால் மறுக்க முடியுமா? பியூன் ஓடினார். கிழக்கே கோட்டைப் போற்றி ஹோட்டலிலிருந்து பித்தளைப் பாத்திரத்தில் தேநீர் வந்தது. பிராமணரான போற்றியின் ஹோட்டல் என்பதால் அக்ரஹாரத்துப் பெண்களான எங்களுக்கும் ஆட்சேபம் இல்லை. ஊற்றினார்கள். வானிலை நன்றாக இருப்பதாக நான் சொன்னேன். மிகவும் நன்றாக இருப்பதாகத் தோழி ஒப்புக்கொண்டாள். சர்க்கரை போட்டாயிற்று. கைப்பிடியைப் பிடித்தோம், சுண்டுவிரலை மடக்கினோம்.

பிறகு தலையை அண்ணாந்து, கோப்பையை நெற்றிக்கு மேலே தூக்கி, வாய் படாமல் ஊற்றிக்கொண்டோம்.

யாரும் யோசித்துச் செய்ததல்ல. நிறைந்த பாத்திரம் கைக்கு வந்தால் கை அப்படித்தான் போகும். வாய் வைத்துச் சீப்பிக் குடித்தால் எச்சில் என்று பால் குடித்த நாளிலிருந்து கேட்டு வளர்ந்த கை. வீட்டில் தாராளமாக வாய் வைத்துக் குடிக்கும் பாறசாலைப் பெண்கூட எங்களைப் பார்த்துவிட்டுத் தூக்கினாள். பழக்கமில்லாததால் பாதி கன்னத்தில் வழிந்தது.

இன்ஸ்பெக்டிரஸ் டீச்சர் பக்கம் திரும்பி, இப்படிக் குடிக்க இவர்களுக்கு யார் கற்றுக்கொடுத்தது என்றார். டீச்சர் தலைமையாசிரியையைப் பார்த்தார், தலைமையாசிரியை தன் கோப்பைகளைப் பார்த்தார்.

"சொல்லேண்டி, நீதானே பேசுவே!" என்று தோழி என் முழங்கையில் இடித்தாள்.

எழுந்து நின்றேன். ஒத்திகையில் இதற்கு வாக்கியம் கிடையாது. இருந்த ஆங்கிலத்தைத் திரட்டிச் சொன்னேன்: டீச்சர் சரியாகத்தான் கற்றுக்கொடுத்தார், இதைக் கற்றுக்கொடுத்தது எங்கள் அம்மாக்கள், வீட்டில் வாய் வைத்தால் தவறு, இங்கே வைக்காவிட்டால் தவறு, இரண்டு இடத்திலும் திட்டு வாங்காமல் இருக்க வழி இருந்தால் மேடமே சொல்லட்டும்.

இன்ஸ்பெக்டிரஸ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஏன் வாய் வைக்கக் கூடாது? ஒரு பாத்திரத்தில் பலர் குடிக்க வேண்டியிருக்கிறதே என்றேன். நாயர் பெண் தானாக எழுந்து, தன் வீட்டில் கிண்டிச் செம்பின் மூக்கிலிருந்து நீர் விழும் விதத்தைக் கையால் காட்டி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விளக்கினாள். பாறசாலைப் பெண்ணிடம், உன் வீட்டிலும் இப்படித்தானா என்று கேட்டார்.

'இல்லை மேடம். மூன்று பேர் தூக்கினார்கள். நான் மட்டும் தனியாக இருக்க விரும்பவில்லை.'

இன்ஸ்பெக்டிரஸ் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு ஒரு கோப்பையை எடுத்து, எவ்வளவு உயரத்தில் பிடிக்க வேண்டும் என்று என்னைக் கேட்டார். சொன்னேன். அண்ணாந்தார், ஊற்றினார். தேநீர் முழுவதும் லேஸில் இறங்கிற்று. தலைமையாசிரியை துண்டைத் தேடி ஓடினார். "அய்யோ, மதாம்மே, மெள்ள, மெள்ள!" என்று நாயர் பெண் கத்தினாள். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, இரண்டாம் முறை மெள்ளத்தான் ஊற்றினார். பாதி உள்ளே போயிற்று. வகுப்பு கைதட்டியது.

போகும்போது வாசலில் டீச்சரிடம் அவர் சொன்னது முன்வரிசைக்குக் கேட்டது: தேநீர் வரும்வரை இவர்கள் ஒப்பிக்கிறார்கள் என்று நினைத்தேன், பிறகுதான் பேசுகிறார்கள் என்று தெரிந்தது.

சீமைத் தேநீர் மேஜைகள் வரும் நாவல்களைப் பிற்காலத்தில் எத்தனையோ படித்திருக்கிறேன். எதிலும் விருந்தாளி சட்டையில் தேநீரோடு அவ்வளவு சந்தோஷமாக வெளியேறியதாக எழுதியிருக்கவில்லை.

கார்த்திகை மாதத்தில் ஒரு திங்கட்கிழமை, முதல் வகுப்புக்கே டீச்சர் தாமதமாக வந்தார். அதுவரை ஒருநாளும் தாமதித்தவரல்ல. சேலை நுனியில் சுண்ணாம்புக் கறை.

"ஆர்டர் வந்தாச்சு," என்றார். "இங்க வலியசாலையில ஒரு வீடு எடுத்தாச்சு. அம்மா நேத்தே வந்துட்டா. காலைல இருந்து அடுக்களைக்கு வெள்ளையடிச்சிட்டு இருந்தேன்."

நாங்கள் பெஞ்சைத் தட்டி ஆரவாரித்தோம். பாட்டு வேண்டும் என்று கேட்டோம். டீச்சர் சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பினார். "பாட்டு வெள்ளிக்கிழமை. இன்னைக்கி இலக்கணம். ஆடாம சொல்லணும்," என்றார். ஆனால் முதல் வினைச்சொல்லை அவரே ராகத்தோடுதான் ஆரம்பித்தார்.